தமிழ் மின்னுரையும் மறையாக்கமும்: வலையமைப்புப் பாதுகாப்பின் அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

மறையாக்கவியலும் வலையமைப்புப் பாதுகாப்பும் கணினித் துறைக்கு மட்டுமே உரியனவாகக் கருதப்பட்டு வருகின்றன. தமிழ் உரைகள் மின்வடிவில் எழுதப்பட்டு, அனுப்பப்பட்டு, ஒப்பமிடப்பட்டு, சேமிக்கப்படும் சூழலில் அவற்றின் அடிப்படைகளை அறிவது தமிழாய்வாளர்க்கும் இன்றியமையாததாகிறது. மறைவு, மாறாமை, மெய்ப்பிப்பு ஆகிய மூன்று பாதுகாப்புப் பண்புகளையும் தமிழ் எழுத்துகளையே சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மறையாக்கக் கருவிகள் எழுத்தைக் காப்பதில்லை. எழுத்துக்கு இடப்பட்ட எண்வரிசையையே காக்கின்றன. ஆகவே, கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் தமிழ்ச் சொல் இருவேறு எண்வரிசைகளாக அமையும்போது மின்னொப்பம், கடவுச்சொல், தளப்பெயர் ஆகியன பிழைபட நேர்கிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மறையாக்கம், குறியேற்றம், திறவுகோல், குழூஉக்குறி, மெய்ம்மயக்கம், ஹாஷ் சார்பு, மின்னொப்பம், இயல்பாக்கம்.

1. முன்னுரை

ஓலைச்சுவடியில் ரகரத்திற்கும் காலாகிய துணையெழுத்திற்கும் வரிவடிவ வேறுபாடு பெரும்பாலும் இல்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளியும் இடப்படுவதில்லை. எகரக் குறிலையும் ஏகார நெடிலையும் சூழல் நோக்கியே படிப்போர் பிரித்தறிந்தனர். ஒரு வடிவம் பல எழுத்துகளைக் குறித்தமையால் பாடவேறுபாடுகள் தோன்றின. அவற்றைக் களைந்து மெய்ப்பாடம் காண்பது பதிப்பாசிரியரின் தலையாய பணியாயிற்று.

மின்னுரையில் இந்நிலை தலைகீழாகியுள்ளது. இங்கு ஓர் எழுத்தே பல எண்வரிசைகளால் குறிக்கப்படுகிறது. படிப்போர் கண்ணுக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. கணினிக்கோ அவை முற்றிலும் வேறானவை. அச்சிட்டுப் படிப்பதற்கு இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால், ஓர் ஆவணம் மாற்றப்படாதது என்று உறுதிசெய்யவோ, ஒருவர் தம் கடவுச்சொல்லைத் தந்து நுழையவோ, ஓர் இணையதளத்தின் பெயரைச் சரிபார்க்கவோ முற்படும்போது இவ்வேறுபாடு பெருஞ்சிக்கலாகிறது. இச்சிக்கலை உணர்வதற்கு மறையாக்கவியலின் அடிப்படைகள் தேவைப்படுகின்றன. அவற்றை முறைப்படுத்தி விளக்குவதும், தமிழ் உரைக்கு அவை பொருந்தும் தன்மையை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. குறியேற்றமும் மறையாக்கமும்: கலைச்சொல் வரையறை

தமிழில் ‘குறியாக்கம்’ என்னும் சொல் இருவேறு பொருள்களில் வழங்கி வருகிறது. எழுத்துக்கு எண் வழங்குவதும் குறியாக்கம் எனப்படுகிறது. உரையைப் பிறர் அறியாவண்ணம் மாற்றுவதும் அவ்வாறே குறியாக்கம் எனப்படுகிறது. இவ்விரண்டும் அடிப்படையிலேயே வேறானவை. முன்னையது யாவரும் அறிந்த அட்டவணையின்படி நிகழ்வது. அதில் மறைவுக்கு இடமில்லை. பின்னையது திறவுகோல் உடையார்க்கு மட்டுமே மீட்டெடுக்க இயல்வது. கருத்துக் குழப்பம் தவிர்க்க முன்னையதைக் குறியேற்றம் என்றும், பின்னையதை மறையாக்கம் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. மறையாக்கத்திற்கு உட்படும் மூலம் வெளியுரை. அதன் விளைவு மறையுரை. மறையுரையிலிருந்து வெளியுரையை மீட்பது மறைநீக்கம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான குறியெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ககரத்தின் குறியெண் 2965. கணினியிலும் இணையத்திலும் இவ்வெண் யூ.டி.எஃப்.-8 என்னும் முறைப்படி 224, 174, 149 என்ற மூன்று பைட்களாக எழுதப்படுகிறது. பைட் என்பது எட்டு பிட்களைக் கொண்ட அலகு. அது 0 முதல் 255 வரை ஒரு மதிப்பைக் கொள்ளும். தமிழ்ப் பகுதியிலுள்ள ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்களையே பெறுகிறது. அவற்றுள் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே பெரிதும் வேறுபடும்.

உயிர்மெய்யெழுத்து இலக்கணத்தில் ஓரெழுத்தாயினும் ஒருங்குறியில் ஒரே குறியெண்ணால் அமைவதில்லை. ‘கி’ என்பது ககரக் குறியெண்ணும் இகரக் குறியின் எண்ணும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகும். மெய்யெழுத்தும் அவ்வாறே அகரமேறிய வடிவத்துடன் புள்ளி சேர்ந்தே அமைகிறது. தமிழ் இலக்கணம் கூறும் எழுத்தும் கணினி கையாளும் குறியெண்ணும் ஒன்றல்ல என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மறையாக்கக் கருவிகளுக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. அவை காண்பது பைட்களின் வரிசையை மட்டுமே.

3. குழூஉக்குறியும் திறவுகோலும்

நன்னூல் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் குறிப்பிடுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளாகும். சித்தர் இலக்கியத்தில் பயிலும் பரிபாஷையும் மருந்துப் பொருள்களையும் செய்முறைகளையும் குழுவினர் மட்டும் அறியும் சொற்களால் மறைத்துரைப்பதே.

இவற்றின் மறைவு முறையை அறியாமையில் தங்கியுள்ளது. ‘பறி’ என்றால் பொன் என்பது வெளிப்பட்ட கணமே மறைவு முற்றிலும் அழிகிறது. அதன்பின் குழுவினர் அனைவரும் புதுச்சொல் வழக்கைக் கற்க வேண்டும். குழு பெருகப் பெருக இரகசியம் வெளிப்படும் வாய்ப்பும் பெருகும். இக்குறைபாட்டைத் தெளிவாக வரையறுத்தவர் பாரிசில் மொழியாசிரியராகப் பணியாற்றிய ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் ஆவார். இராணுவ மறையாக்கம் குறித்து 1883இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மறையாக்க முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேராதவாறு அமைய வேண்டும் என்னும் நெறியை அவர் வகுத்தார். மறைவு முழுவதும் திறவுகோலில் மட்டுமே தங்கியிருத்தல் வேண்டும். முறை யாவர்க்கும் தெரிந்ததாக இருக்கலாம் என்பது இந்நெறியின் சாரம்.

இன்றைய மறையாக்கம் இந்நெறியின்மேல் எழுந்தது. உலகெங்கும் வங்கிப் பரிமாற்றத்திலும் கைப்பேசிச் செய்தியிலும் பயன்படும் முறைகள் வெளியிடப்பட்டவை. ஆய்வாளர் பலரால் பல்லாண்டுகள் தாக்கிச் சோதிக்கப்பட்டவை. அவ்வாறு சோதிக்கப்பட்டும் வீழாமையே அவற்றின் நம்பகத்துக்குச் சான்று. திறவுகோல் வெளிப்பட்டால் அதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமானது. குழூஉக்குறியிலிருந்து மறையாக்கம் வேறுபடும் இடம் இதுவே.

4. மொழியின் ஒழுங்கும் மறையுரையின் வீழ்ச்சியும்

திறவுகோல் இருப்பதனாலேயே ஒரு முறை பாதுகாப்பானதாகிவிடுவதில்லை. தமிழின் 247 எழுத்துகளுக்கும் மாற்றாக ஒவ்வொரு குறியைக் கொண்ட ஓர் அட்டவணையைத் திறவுகோலாகக் கருதலாம். இயலக்கூடிய அட்டவணைகளின் எண்ணிக்கை கற்பனைக்கு எட்டாதது. ஒவ்வொன்றாக முயன்று பார்த்து உரிய அட்டவணையைக் கண்டறிய எவராலும் இயலாது. ஆயினும், இத்தகைய மறையுரை எளிதில் வீழும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி இதற்கான வழியைக் கண்டறிந்தார். மொழியில் எழுத்துகள் சமமான எண்ணிக்கையில் வருவதில்லை. மறையுரையில் மிகுதியாக வரும் குறி, மொழியில் மிகுதியாக வரும் எழுத்துக்கு உரியதாகும் என்னும் ஊகத்திலிருந்து தொடங்கி அட்டவணை முழுவதையும் மீட்டெடுக்கலாம்.

தமிழைப் பொறுத்தவரை எழுத்துகளின் எண்ணிக்கையோடு இலக்கணமும் தாக்குவோர்க்குத் துணைபுரிகிறது. தனிமெய் சொல்லுக்கு முதலாவதில்லை. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ர், ழ் இரண்டும் தம்மொடு தாம் மயங்குவதில்லை. வடசொற்களையும் பிறமொழிச் சொற்களையும் நீக்கிப் பார்த்தால், மறையுரையில் ஒரு குறிப்பிட்ட குறியை அடுத்து எப்போதும் பன்னிரண்டு குறிகளுள் ஒன்றே வருமாயின் அது வல்லின மெய்யாதல் கூடும். அப்பன்னிரண்டும் அதன் உயிர்மெய் வரிசையாகும். மெய்ம்மயக்க விதி இவ்வாறு மறையுரையின் உள்ளமைப்பை வெளிப்படுத்திவிடுகிறது. கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட ஆய்வில், மொழியில் உள்ள மிகைத்தன்மையே மறைநீக்குவோரின் முதன்மைக் கருவி என்று கணித முறையில் நிறுவினார். அடுத்து வரக்கூடியதை முன்கூட்டி உணர்த்தும் ஒவ்வோர் இலக்கண விதியும் மிகைத்தன்மையின் ஒரு கூறாகும்.

மொழியில் மட்டுமன்றிக் குறியேற்றத்திலும் மிகைத்தன்மை உண்டு. கணினியில் எளிய மறையாக்கத்திற்கு எக்ஸ்ஆர் என்னும் செயல் பயன்படுகிறது. இரு பிட்கள் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என்பது அதன் விதி. வெளியுரைப் பைட்டுடன் திறவுகோல் பைட்டைச் சேர்த்தால் மறையுரைப் பைட் கிடைக்கும். மறையுரைப் பைட்டுடன் வெளியுரைப் பைட்டைச் சேர்த்தால் திறவுகோல் பைட் கிடைத்துவிடும். நான்கு பைட் நீளமுள்ள திறவுகோலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் தமிழ் உரையொன்று மறைக்கப்பட்டதாகக் கொள்ளலாம். தமிழ்ச் சொல்லில் ஒவ்வொரு மூன்றாவது பைட்டும் 224 என்பது முன்னரே தெரியும். மறையுரையில் அவ்விடத்தில் 173 இருப்பின், 173ஐயும் 224ஐயும் எக்ஸ்ஆர் செய்தால் கிடைக்கும் 77 திறவுகோலின் ஒரு பைட்டாகும். மூன்றும் நான்கும் பொதுக்காரணி இல்லாத எண்கள் ஆதலின், அடுத்தடுத்த நான்கு குறியெண்களில் திறவுகோலின் நான்கு பைட்களும் வெளிப்பட்டுவிடும். ‘அமுதம்’ என்னும் ஒரு சொல்லில் ஆறு குறியெண்கள் உள்ளன. திறவுகோல் முழுவதையும் பறிகொடுக்க அந்த ஒரு சொல்லே போதும்.

இவற்றால் இரு நெறிகள் பெறப்படுகின்றன. நல்ல மறையுரை, வெளியுரையின் எவ்வகை ஒழுங்கையும் வெளிக்காட்டாமல் இருத்தல் வேண்டும். திறவுகோலிலிருந்து பெறப்படும் பைட் வரிசை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தப்படலாகாது.

5. ஒரு திறவுகோலும் இரு திறவுகோலும்

மறைக்கவும் மீட்கவும் ஒரே திறவுகோலைக் கொள்வது சமச்சீர் மறையாக்கம். அமெரிக்காவில் 1977இல் தரமாக ஏற்கப்பட்ட டி.இ.எஸ். முறையின் திறவுகோல் 56 பிட் நீளமுடையது. இயலக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 72,000 இலட்சம் கோடி. இவ்வளவு பெரிய எண்ணிக்கையும் போதவில்லை. இதற்கெனவே உருவாக்கப்பட்ட ஒரு பொறி 1998இல் மூன்று நாளுக்குள் உரிய திறவுகோலைக் கண்டறிந்தது. பெல்ஜிய அறிஞர் யோன் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகியோரின் வடிவமைப்பு 2001இல் ஏ.இ.எஸ். என்னும் பெயரில் புதிய தரமாயிற்று. 128, 192, 256 பிட் திறவுகோல்களைக் கொள்ளும் இம்முறையே இன்று பரவலாகப் பயன்படுகிறது.

சமச்சீர் முறையின் இடர்ப்பாடு திறவுகோலைக் கொண்டு சேர்ப்பதில் உள்ளது. முன்பின் அறியாத இருவர் பிறர் கேட்கக்கூடிய வழியில் பேசிப் பொதுத் திறவுகோல் ஒன்றை எவ்வாறு பெறுவது? விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976இல் இதற்குத் தீர்வு கண்டனர். அதையடுத்து ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை தோன்றியது. இவற்றில் ஒவ்வொருவர்க்கும் இரு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை யாவரும் அறியலாம்; தனித் திறவுகோல் உரியவரிடம் மட்டுமே இருக்கும். பொதுத் திறவுகோலால் மறைத்ததைத் தனித் திறவுகோலால் மட்டுமே மீட்க முடியும். தனித் திறவுகோலால் ஒப்பமிட்டதைப் பொதுத் திறவுகோல் கொண்டு யாவரும் சரிபார்க்க முடியும்.

இதைச் சிற்றெண்களால் விளக்கலாம். 3, 11 ஆகிய பகா எண்களின் பெருக்கல் 33. பொதுத் திறவுகோல் 3 என்றும், தனித் திறவுகோல் 7 என்றும் கொள்ளப்படுகின்றன. ஒப்பமிட வேண்டிய எண் 4. அதனை ஏழுமுறை தன்னோடு பெருக்க 16,384 வரும். 33ஆல் வகுக்க மீதி 16. இந்த 16 என்பதே ஒப்பம். சரிபார்ப்பவர் 16ஐ மும்முறை தன்னோடு பெருக்கி 4,096 பெறுகிறார். 33ஆல் வகுக்க மீதி 4. மூல எண்ணே திரும்பி வந்தமையால் ஒப்பம் மெய்யானது. 33ஐ 3, 11 எனப் பிரிப்பது எளிது. பிரித்தறிந்தவர் தனித் திறவுகோலையும் கணித்துவிடுவார். நடைமுறையில் 617 இலக்கங்கள் கொண்ட 2048 பிட் எண் பயன்படுத்தப்படுகிறது. அவ்வளவு பெரிய எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிக்க இன்றுள்ள கணினிகளால் இயலாது. போதிய ஆற்றலுடைய குவாண்டம் கணினி உருவாகுமாயின் அது இயலும் என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அதனை எதிர்கொள்ளும் புதிய முறைகளுக்கான முதல் தரங்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024இல் வெளியிட்டது.

6. மறைவு வேறு, மாறாமை வேறு

உரை மறைக்கப்பட்டுவிட்டால் அதைப் பிறர் மாற்ற இயலாது எனக் கருதுவது பொதுவான பிழை. எக்ஸ்ஆர் அடிப்படையிலான மறையுரையில் ஒரு பிட்டை மாற்றினால், மறைநீக்கத்திற்குப் பின் வெளியுரையிலும் அதே பிட் மாறியிருக்கும். மாற்றுபவர்க்குத் திறவுகோல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரையின் அமைப்பும் இடமும் தெரிந்தால் போதும்.

தமிழில் இதன் விளைவு எண்ணத்தக்கது. ரகரத்தின் கடைசிப் பைட் 176, றகரத்தினது 177. லகரத்திற்கு 178, ளகரத்திற்கு 179. ஒவ்வோர் இணையும் ஒரே ஒரு பிட்டால் மட்டுமே வேறுபடுகிறது. ஆகவே, ஒரு பிட் மாற்றத்தால் ‘கரை’ ‘கறை’யாகும், ‘வலம்’ ‘வளம்’ ஆகும். பெறுவோர்க்கு ஐயம் தோன்றாது. எழுத்துப்பிழை என்றே கடந்து செல்வர். எண்களிலும் இது நிகழும். 1 என்னும் இலக்கத்தின் மதிப்பு 49. 9 என்பதன் மதிப்பு 57. இவையும் ஒரு பிட்டால் வேறுபடுபவை. ஆயிரம் ஒன்பதாயிரமாவதற்கு ஒரு பிட் போதுமானது.

இதனாலேயே இன்றைய முறைகள் மறையாக்கத்துடன் மாறாமைச் சோதனையையும் இணைத்தே செய்கின்றன. மாறாமையை உறுதிசெய்யும் அடிப்படைக் கருவி ஹாஷ் சார்பு. எவ்வளவு நீண்ட உரையையும் அது குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்குகிறது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் சார்பு ஒரு சொல்லையும் ஒரு காப்பியத்தையும் 256 பிட்களாகவே சுருக்கும். சுருக்கத்திலிருந்து உரையை மீட்க முடியாது. ஒரே சுருக்கம் தரும் இரு உரைகளை உருவாக்குவது நடைமுறையில் இயலாததாக இருத்தல் வேண்டும்; முந்தைய எஸ்.எச்.ஏ.-1 சார்புக்கு அத்தகைய இரு கோப்புகள் 2017இல் உருவாக்கிக் காட்டப்பட்டமையால் அது கைவிடப்பட வேண்டியதாயிற்று. உரையில் ஒரு பிட் மாறினாலும் சுருக்கத்தில் ஏறத்தாழப் பாதிப் பிட்கள் மாறிவிடும்.

மின்னொப்பம் இவ்விரு கருவிகளின் சேர்க்கையாகும். உரையின் ஹாஷ் மதிப்பு முதலில் கணிக்கப்படும். அம்மதிப்பின்மீது தனித் திறவுகோலால் ஒப்பமிடப்படும். முன்னர்க் காட்டிய 4 என்பதை ஹாஷ் மதிப்பாகவும் 16 என்பதை ஒப்பமாகவும் கொள்ளலாம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் மூன்றாம் பிரிவில் இருதிறவுகோல் முறையையும் ஹாஷ் சார்பையும் மின்னொப்பத்தின் கூறுகளாகக் குறிப்பிடுகிறது. எனவே, இது கணிதச் செய்தி மட்டுமன்று. சட்ட வலிமை உடையதுமாகும்.

7. ஓரெழுத்து, பல எண்வரிசை

ஹாஷ் சார்பின் நுண்மை தமிழ் உரையில் எதிர்பாராத இடரை உண்டாக்குகிறது. ‘கொ’ என்னும் உயிர்மெய்யை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியின் எண்ணாகிய 3018ஐ இடுவது ஒன்று. ககரத்தை அடுத்து ஒற்றைக்கொம்பின் எண்ணாகிய 3014ஐயும் காலின் எண்ணாகிய 3006ஐயும் இடுவது மற்றொன்று. முன்னையது ஆறு பைட்; பின்னையது ஒன்பது பைட். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஹாஷ் மதிப்போ முற்றிலும் வேறுபடும். ‘கொற்றவை’ என்னும் சொல் இடம்பெறும் ஆவணம் ஒரு வடிவில் ஒப்பமிடப்பட்டு, இடையில் ஏதேனும் ஒரு மென்பொருளால் மற்றொரு வடிவுக்கு மாற்றப்பட்டால், சரிபார்ப்பில் ஒப்பம் பொய்யென்றே அறிவிக்கப்படும். ஆவணத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை என்று படிப்பவர் உறுதிகூறினும் கணினி அதனை ஏற்காது.

இதற்கெனவே ஒருங்குறித் தரம் இயல்பாக்கம் என்னும் செயல்முறையை வகுத்துள்ளது. என்.எஃப்.சி. எனப்படும் இயல்பாக்க வடிவத்தில் 3014, 3006 ஆகிய இணை 3018 என்னும் ஒற்றை எண்ணாக மாற்றப்படும். ஓகார, ஔகாரக் குறிகளும் இவ்வாறே ஒன்றாக்கப்படும். ஹாஷ் கணிப்பதற்கு முன் இயல்பாக்கம் செய்யப்பட்டிருப்பின் மேற்கூறிய இடர் தோன்றாது.

ஆயினும், இயல்பாக்கத்தால் நீங்காத மயக்கங்களும் உள. அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, வேறெழுத்தைக் குறியாக ஆளுதல். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தின் வடிவை ஒத்தது. ‘கௌதமன்’ என்பதைக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் எனத் தட்டச்சு செய்வது பெருவழக்காக உள்ளது. ஒருங்குறியின்படி அது ‘கெளதமன்’ என்னும் வேறு சொல். இயல்பாக்கம் இதனைத் திருத்தாது, திருத்தவும் கூடாது. ‘கெளிறு’ போன்ற சொற்களில் அந்த எண்வரிசையே முறையானது.

இரண்டாவது, ஒரே கூட்டெழுத்துக்கு இரு மூலங்கள் அமைதல். ‘ஸ்ரீ’ என்னும் வடிவம் 3000 என்னும் எண்ணுடைய ஸகரத்தைக் கொண்டும் அமையும். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட, 2998 என்னும் எண்ணுடைய மற்றோர் எழுத்தைக் கொண்டும் அமையும். எழுத்துருக்கள் பலவும் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. இவை நிகரானவை என ஒருங்குறித் தரம் கொள்ளவில்லை. ஆதலின், ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் இவ்வேறுபாடு நிலைத்துவிடுகிறது.

மூன்றாவது, உருவமற்ற குறிகள். எழுத்துகள் இணைவதைத் தடுக்கும் 8204 என்னும் குறியெண்ணுக்கு அகலமும் இல்லை, வடிவமும் இல்லை. விசைப்பலகை மென்பொருளாலோ படியெடுத்து ஒட்டுவதாலோ அது சொல்லின் இடையில் நுழைந்துவிடக்கூடும். கண்ணால் அதனைக் காண இயலாது.

கடவுச்சொல்லிலும் இதே சிக்கல் எழுகிறது. நன்கு அமைந்த தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. பயனருக்குப் பயனர் வேறுபடும் ஒரு கூடுதல் எண்ணைச் சேர்த்துக் கணித்த ஹாஷ் மதிப்பையே சேமிக்கின்றன. தமிழில் கடவுச்சொல் அமைத்த ஒருவர் கணினியில் ஒரு விசைப்பலகையாலும் கைப்பேசியில் மற்றொன்றாலும் தட்டச்சு செய்யும்போது எண்வரிசை வேறுபட்டால், சரியான சொல்லைத் தந்தும் அவர் மறுக்கப்படுவார். தமிழில் கடவுச்சொல் அமைப்பது பாதுகாப்பற்றது என்னும் எண்ணம் இத்தகைய பட்டறிவால் பரவக்கூடும். குறை மொழியில் இல்லை. இயல்பாக்கம் செய்யாத மென்பொருளிலேயே உள்ளது.

8. வலையமைப்பில் மெய்ப்பிப்பு

இணையத்தில் அனுப்பப்படும் செய்தி பல கணினிகளைக் கடந்தே சேருமிடத்தை அடைகிறது. இடையிலுள்ள எவரும் அதனைப் படிக்கலாம், மாற்றலாம், பெறுபவராக நடிக்கவும் செய்யலாம். இம்மூன்றையும் தடுப்பதற்கு டி.எல்.எஸ். என்னும் நெறிமுறை அமைந்துள்ளது. 2018இல் வெளியான அதன் 1.3ஆம் பதிப்பில், டிஃபி-ஹெல்மன் முறையில் இருமுனைகளும் புதியதொரு திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. தளம் தன் சான்றிதழையும் மின்னொப்பத்தையும் அளித்துத் தன்னை மெய்ப்பிக்கிறது. அதன்பின் அனைத்துச் செய்திகளும் மாறாமைச் சோதனையுடன் கூடிய சமச்சீர் முறையால் மறைக்கப்படுகின்றன. முன்னர்க் கூறிய கருவிகள் அனைத்தும் இங்கு ஒருங்கிணைந்து செயல்படுகின்றன.

சான்றிதழ் உறுதிசெய்வது எதனை என்பதில் தெளிவு தேவை. இன்ன பெயருடைய தளத்தின் பொதுத் திறவுகோல் இது என்பதே அதன் உறுதிமொழி. அப்பெயர் பயனர் கருதிய பெயர்தானா என்பதை அது கூறாது. தமிழ்த் தளப்பெயர்களில் இவ்விடைவெளி விரிகிறது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய தமிழ் மேல்நிலைப் பெயர்கள் நடைமுறையில் உள்ளன. தமிழ் எண்களாகிய ௧, ௨, ௭, ௮ ஆகியன முறையே க, உ, எ, அ ஆகிய எழுத்துகளின் வடிவை ஒத்தவை, குறியெண்ணால் வேறானவை. மலையாளத்தின் உகரமும் ஜகரமும் தமிழ் வடிவங்களை நெருங்கியவை. ஓரெழுத்தை அதன் ஒப்புரு கொண்டு மாற்றிப் பதிவுசெய்த போலித் தளமும் முறையான சான்றிதழைப் பெற முடியும். உலாவியில் தோன்றும் பூட்டுக்குறி அதற்கும் தோன்றும். மறையாக்கம் அங்குக் குறைவின்றிச் செயல்படுகிறது, பயனரோ ஏமாற்றப்படுகிறார்.

இதனைத் தடுக்கும் பொறுப்பு பெயர்ப் பதிவகங்களுக்கு உரியது. எந்தெந்த எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்கும், எவ்வரிசைகள் தமிழில் அமையா என்னும் விதிகளை அவை வகுத்தாக வேண்டும். அவ்விதிகளை வகுப்பதற்கு வேண்டிய அறிவு தமிழ் எழுத்திலக்கணத்திலும் வரிவடிவ வரலாற்றிலும் உள்ளது.

9. தொகுப்புரை

இவ்வாய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. குறியேற்றமும் மறையாக்கமும் வேறானவை. இரண்டையும் ‘குறியாக்கம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவது கருத்துப் பிழைக்கு இடந்தரும். கலைச்சொல் அகராதிகளில் இவை பிரித்து வழங்கப்படுதல் வேண்டும்.

2. குழூஉக்குறி முறையை மறைப்பது. மறையாக்கம் திறவுகோலை மட்டும் மறைப்பது. வெளிப்படையான, சோதிக்கப்பட்ட முறையே நம்பத்தக்கது.

3. மெய்ம்மயக்கம் முதலிய மொழி ஒழுங்குகளும், யூ.டி.எஃப்.-8 பைட் வரிசையின் ஒழுங்கும் எளிய மறையுரைகளை வீழ்த்தப் போதுமானவை. தமிழ் எழுத்து பிறர்க்கு விளங்காது என்பது ஒருபோதும் பாதுகாப்பாகாது.

4. மறைவு மாறாமையைத் தருவதில்லை. ரகர றகரங்களும் லகர ளகரங்களும் ஒரு பிட்டால் மட்டுமே வேறுபடுதலின், தமிழ் உரைக்கு மாறாமைச் சோதனை கட்டாயமானது.

5. மின்பதிப்புகள், அரசு ஆவணங்கள், நூலகப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒப்பமிடுமுன் இயல்பாக்கத்திற்கு உட்படுத்துதல் வேண்டும். ஔகாரக் குறி, ஸ்ரீ, உருவமற்ற குறிகள் ஆகியவற்றை ஒப்பத்திற்கு முன்பே மொழியறிந்தோர் திருத்தி ஒருவடிவாக்குதல் வேண்டும். ஒப்பமிட்டபின் செய்யப்படும் எத்திருத்தமும், அது நற்றிருத்தமேயாயினும், ஒப்பத்தை அழித்துவிடும்.

சுவடிப் பதிப்பில் ஒரு வடிவத்திற்குரிய பல பாடங்களுள் மெய்யானதைத் தெரிந்தெடுப்பது தமிழறிஞரின் பணியாக இருந்தது. மின்னுரையில் ஒரு பாடத்திற்குரிய பல எண்வரிசைகளுள் ஒன்றைத் தெரிந்து நிலைநிறுத்துவது அப்பணியின் தொடர்ச்சியாகும். எண்வரிசை மாறாமல் காப்பதைக் கணிதம் செய்யும்; எந்த எண்வரிசை காக்கத்தக்கது என்பதை மொழியறிவே முடிவுசெய்ய வேண்டும்.